மொய்ப் புத்தகமும் பிறப்புப் பத்திரமும்

நம் நாட்டின் சிற்றூர்களில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு பந்தல் நின்றுகொண்டே இருக்கும். ஒரு வாரம் கோயில் மண்டபத்தில் திருமணம். மறு வாரம் கம்பத்து வீட்டில் காதுகுத்து. அதற்கடுத்த வாரம் யாரோ ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் கருமக்கிரியை. ஆடி பிறந்தால் மாரியம்மன் திருவிழா. தைப்பூசம் வந்தால் பால்குடம். இவற்றிற்கிடையே பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா. இவற்றுள் ஒன்றுக்கும் அழைப்பிதழ் வராத மாதம் தோட்டத்து ஆசிரியருக்கு இல்லை. நாம் ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில், இரயில் நிற்கும் ஒரு சிறு பட்டணத்தை அடுத்த தோட்டப் பள்ளியில் பணியாற்றுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பந்தல்களின் கீழ் அமர்ந்து உண்டிருக்கிறோம். பல முறை மொய்யும் எழுதியிருக்கிறோம். அந்த அனுபவத்தைக் கொண்டு இன்று ஒரு செய்தியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் மக்கள் வாழ்க்கையின் ஒவ்வொரு படியையும் ஊரறியக் கொண்டாடுகிறவர்கள். பெண் ஏழு மாதம் கருவுற்றிருக்கும்போது வளைகாப்பு. பிள்ளை பிறந்தால் முப்பதாம் நாள். பிறகு முடியிறக்கிக் காது குத்துதல். பெண் பிள்ளை பெரியவளானால் மஞ்சள் நீராட்டு. பின்னர்ப் பரிசம், திருமணம். இறுதியில் எட்டாம் துக்கம், பதினாறாம் நாள். ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கு ஓர் உரிமையும் ஒரு கடமையும் உண்டு. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன் உரிமை. சீர்த்தட்டு கொண்டுவருவது அவர் கடமை. இறந்தவர் வீட்டில் முதல் நாள் அடுப்பு எரிவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். இது யாரும் எழுதி வைத்த சட்டமன்று. ஆயினும் இதை மீறியவரைத் தோட்டம் எளிதில் மறப்பதில்லை.

இவ்விழாக்கள் வெறும் ஆரவாரம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. பிறந்த பிள்ளையை ஊருக்குக் காட்டும்போது, "இது எங்கள் பிள்ளை, இதைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு" என்று வீட்டார் சொல்லாமற் சொல்கிறார்கள். திருமணத்திற்கு ஆயிரம் பேரை அழைப்பது ஆயிரம் சாட்சிகளைத் தேடிக்கொள்வதாகும். நம் பாட்டன் பாட்டிமாருக்கு இந்தச் சாட்சிகளைத் தவிர வேறு சான்று இருந்ததில்லை. ஊர் அறிந்தால் போதும் என்று அவர்கள் வாழ்ந்தார்கள். அன்று அது போதுமானதாகவும் இருந்தது.

அவர்கள் காலத்தைக் கணக்கிட்ட முறையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பழைய தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் வயதைக் கேட்டால் ஆண்டைச் சொல்லமாட்டார். "ஜப்பான்காரன் வந்தப்ப நான் பால்மரம் வெட்டிக்கிட்டிருந்தேன்" என்பார். ஜப்பானியர் வந்தது 1941 டிசம்பரில். "சயாம் ரயிலுக்கு ஆள் பிடிச்ச வருஷம் எங்க அண்ணன் போனவன்தான்" என்பார் இன்னொருவர். அது 1942, 1943 ஆம் ஆண்டுகளின் துயரக் கதை. அவசரகாலம் தொடங்கிய 1948 ஆம் ஆண்டு மற்றோர் அடையாளம். அவ்வாண்டுதான் பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட எல்லாரும் முதன்முதலாக அடையாளக் கார்டு எடுத்தனர். அதற்கு முன் தோட்டத் தொழிலாளியின் பெயர் எழுதப்பட்ட முதன்மையான ஏடு எது என்று கேட்டால், அது தோட்டத்துக் கிராணியாரின் செக்ரோல் புத்தகமே. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு அதில் குறிப்பார்கள். அது கூலிக் கணக்கு, குடும்பக் கணக்கன்று.

பள்ளிக்கூடங்கள் இல்லாமலில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமென்று 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையில் நடந்த பள்ளியில் படித்த அப்பிள்ளைகள் பலரும் பெயரெழுதக் கற்றதும் பால்மரக் காட்டிற்குச் சென்றனர். ஆகவே பத்திரம் என்றாலே அது ஆபீசுக்காரர் வேலை, நமக்கு எதற்கு என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. தோட்டம் இருந்தவரை அதனால் நேர்ந்த தீமை வெளியே தெரியவில்லை. வீடு தோட்டத்து வீடு; வேலை தோட்டத்து வேலை; ஆஸ்பத்திரி தோட்டத்து ஆஸ்பத்திரி. கிராணியார் உங்களை அறிவார், அது போதும்.

பின்னர்த் தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறினர். கிராணியாரும் இல்லை, பக்கத்து வீட்டுச் சாட்சியும் இல்லை. "நீ யார்?" என்று கேட்கும் மேசைக்கு முன்னால் நம்மவர் தனியாக நிற்க நேர்ந்தது. அப்போதுதான் ஊரறிந்த வாழ்க்கை வேறு, ஏடறிந்த வாழ்க்கை வேறு என்பது விளங்கியது.

நேயர்களே, நம் சமுதாயம் தவறாமல் எழுதி வைக்கும் ஏடு ஒன்று உண்டு. அதுதான் மொய்ப் புத்தகம். பந்தலின் வாயிலில் ஒரு மேசை. சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு. அருகே இரண்டு பேர். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார். மற்றவர் பெயர், ஊர், தொகை என மூன்று பத்தி பிரித்து எழுதுவார். அந்த எழுத்து வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கே வரும். மொய் என்பது அன்பளிப்பு மட்டுமன்று. அது திருப்பிச் செய்யவேண்டிய கடன். இன்று பத்து வெள்ளி எழுதியவர் வீட்டில் நாளை விசேஷம் என்றால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதினொன்றோ பதினைந்தோ எழுத வேண்டும். ஆகையால் வேறெந்தக் காகிதம் தொலைந்தாலும் மொய்ப் புத்தகம் தொலைவதில்லை. துணியில் சுற்றி இரும்புப் பெட்டியின் அடியில், தாலிக்கொடிக்குப் பக்கத்தில் அது கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒரு மொய்ப் புத்தகத்தின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

நாம் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து தோட்டப் பள்ளியில் சேர்ந்த தொடக்க காலம். 2004 ஆம் ஆண்டு சனவரியில் முதலாம் ஆண்டு வகுப்பு எம்மிடம் கொடுக்கப்பட்டது. ஒரு பாட்டி தம் பேரனைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். பையன் துறுதுறுப்பானவன். தாய் வேலை தேடித் தெற்கே சென்றவள் திரும்பவில்லை. தகப்பன் லாரியில் போகிறவன்; மாதத்தில் இரண்டு நாள் வீட்டிலிருப்பான். பாட்டியிடம் பிறப்புப் பத்திரம் கேட்டோம்.

"சூராட்டுத்தானே வாத்தியாரையா? அவங்கப்பன்கிட்ட இருக்கும். அடுத்த வாட்டி வர்றப்ப வாங்கியாந்து தர்றேன்" என்றார்.

பிள்ளையைத் திருப்பி அனுப்ப எமக்கு மனம் வரவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பத்திர எண்ணுக்குரிய கட்டத்தில் பென்சிலால் "பின்னர்" என்று எழுதினோம். அந்த ஒரு சொல்லை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறோம். பையனைச் சேர்த்தது தவறன்று. சேர்த்த பிறகு அந்தக் கட்டத்தை ஆறு ஆண்டுகள் நாம் திரும்பிப் பார்க்காமல் இருந்ததே தவறு. அவன் ஒவ்வொரு வகுப்பாக ஏறினான். கணக்கில் கெட்டிக்காரன். திருவிழாவில் உறுமி அடிப்பான். தோட்டத்தில் அவனை அறியாதவர் இல்லை. ஆனால் நாட்டின் ஏட்டில் அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை.

2009 ஆம் ஆண்டு அவன் ஆறாம் ஆண்டுக்கு வந்தான். அப்போது நடைமுறையில் இருந்து 2021 இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வேலை எம்மிடம் வந்தது. பன்னிரண்டு வயதானால் அடையாளக் கார்டும் எடுக்க வேண்டும். பென்சிலில் எழுதிய "பின்னர்" மங்காமல் அப்படியே இருந்தது. அன்று மாலையே பாட்டி வீட்டிற்குச் சென்றோம்.

உண்மை அப்போதுதான் வெளியாயிற்று. பத்திரம் தகப்பனிடம் இல்லை, யாரிடமும் இல்லை. பிள்ளை பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. தகப்பன் பதிவு செய்யச் சென்றான். திருமணப் பத்திரம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. திருமணம் மாரியம்மன் சன்னிதியில் நடந்தது. தோட்டமே வந்து உண்டது. பதிவு மட்டும் செய்யப்படவில்லை. வெட்கப்பட்டு வெளியே வந்தவன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளும் வீடு மாறியபோது காணாமற் போயிற்று.

"பாட்டி, இவன் எந்தத் தேதியில் பிறந்தான்? அதையாவது சொல்லுங்கள்" என்றோம்.

"தேதி யாருக்குத் தெரியும் வாத்தியாரையா? இவன் பொறந்தப்ப ஊரே புகையாக் கெடந்துச்சு. எதுத்த லயம் தெரியல. பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் காடி போச்சு. தீபாவளிக்கு முன்னால. அம்புட்டுத்தான் தெரியும்."

அது 1997 ஆம் ஆண்டின் புகைமூட்டம் என்பது தெளிவு. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்த புகை அவ்வாண்டு செப்டம்பரில் நம் நாட்டையே மூடியிருந்தது. ஆனால் "புகையடித்த ஆண்டு" என்று விண்ணப்பத்தாளில் எழுத முடியுமா? பையன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "பாட்டி, எனக்குப் பிறந்தநாள் செப்டம்பர் முப்பதுன்னு சொன்னியே!" என்றான். பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை ஒருநாள் கேட்டானாம். வாய்க்கு வந்த தேதியைச் சொல்லி வைத்தாராம்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி எழுந்து உள்ளே சென்று துணி சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "முப்பதாம் நாளைக்கு மொய் எழுதினோம். பழைய பெரிய வாத்தியார்தான் எழுதினாரு. இதுல ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க" என்றார்.

பிரித்தோம். முதற்பக்கத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன்கீழ், எமக்கு முன்னிருந்த தலைமையாசிரியரின் முத்துமுத்தான கையெழுத்தில் குழந்தையின் பெயர், முப்பதாம் நாள் விழா என்ற குறிப்பு, 12-10-1997, ஞாயிற்றுக்கிழமை என்ற தேதி. விரல்விட்டு எண்ணினோம். அன்று முப்பதாம் நாள் என்றால் பிறந்தது செப்டம்பர் 13. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். பதினேழாவது வரியில் "ஆஸ்பத்திரி அம்மா, பத்து வெள்ளி" என்றிருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்த தாமானில்தான் குடியிருந்தார்.

அந்த அம்மையார் எம்மோடு அலைந்தார். தேதி தெரிந்ததால் ஆஸ்பத்திரியின் பழைய பிரசவப் பதிவேட்டில் தேடுவதற்கு இடம் கிடைத்தது. ஆண்டை மட்டும் சொல்லியிருந்தால் தேடுவார் யார்? பதிவு இருந்தது: 1997 செப்டம்பர் 13, ஆண் குழந்தை, தாயின் பெயர். பக்கத்தில் தாயின் அடையாளக் கார்டு எண். அந்த எண்தான் பையனைக் காப்பாற்றியது.

இதன் காரணத்தை நேயர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். பெற்றோரின் திருமணம் சட்டப்படி பதிவாகியிருந்தால், பிள்ளையின் குடியுரிமைக்குத் தகப்பனின் குடியுரிமை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். பதிவாகாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கோ தாயின் நிலையே அளவுகோல் என்பது நம் அரசியலமைப்பின் விதி. தகப்பன் நீலக் கார்டுக்காரர் என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. தாய் யார், அவள் நிலை என்ன என்பதைக் காட்ட வேண்டும். அந்தத் தாயோ இருக்குமிடம் தெரியாதவள். மொய்ப் புத்தகம் தேதியைத் தந்தது. தேதி பதிவேட்டைத் தந்தது. பதிவேடு தாயின் எண்ணைத் தந்தது. அந்த எண் நீலக் கார்டுக்குரிய எண்.

காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பம் செய்து, சாட்சி கூறி, விசாரணைக்குச் சென்று, பத்திரம் கைக்கு வர ஒன்றரை ஆண்டாயிற்று. இடையில் அவன் தோழர்கள் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். அனுமதிக் கடிதம் வரும்வரை மூன்று மாதம் அவன் வீட்டிலிருந்தான். காலையில் பள்ளிப் பேருந்து செல்லும்போது வாசலுக்கு வராமல் வீட்டின் பின்புறம் போய் நின்றுகொள்வான் என்று பாட்டி சொன்னார். அந்த மூன்று மாதமும் எம் பென்சில் எழுத்தின் விலை என்பதை நாம் மறக்கவில்லை.

இந்தப் பையன் நல்லூழ் உள்ளவன். அவன் வீட்டிலேயே பிறந்திருந்தால், கதை வேறாக முடிந்திருக்கும். பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாத இந்தியர்களுக்காக 2011 ஆம் ஆண்டு "மைடஃப்தார்" என்னும் பதிவு இயக்கம் நாடெங்கும் நடத்தப்பட்டது. அங்கே வந்தவர்களுள் தலை நரைத்தவர்களும் இருந்தனர். தாய்க்குப் பத்திரமில்லை, அதனால் பிள்ளைக்கு இல்லை, அதனால் பேரனுக்கும் இல்லை என்று இக்குறை சொத்தைப்போல் வழிவழியாக இறங்குகிறது.

ஆகவே, ஒவ்வொரு விழாவையும் ஒரு பத்திரத்தோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வோம்.

முதலாவது, பிறப்பு. தீபகற்ப மலேசியாவில் முன்பு பதினான்கு நாள் என்றிருந்த கெடு பின்னர் அறுபது நாளாக நீட்டிக்கப்பட்டது. நமக்குத்தான் முப்பதாம் நாள் என்றொரு நல்ல வழக்கம் இருக்கிறதே! பிறப்புப் பத்திரத்தை வாங்கிய பிறகே முப்பதாம் நாள் பந்தல் போடுவது என்று உறுதி செய்துகொண்டால் கெடுவைப் பற்றிய கவலையே வராது. பத்திரம் கைக்கு வந்ததும், மடித்து வைப்பதற்கு முன் அங்கேயே நின்று படியுங்கள். குடியுரிமை நிலை என்னும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயரின் எழுத்துகளையும் சரிபாருங்கள். முனியம்மா என்னும் பெயரை ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதலாம். தகப்பன் பெயர் அவர் கார்டில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பத்திரத்தில் "அனாக் லெலாக்கி" என்பதற்குப் பின் வேறு விதமாகவும் இருந்தால், ஏட்டின் கண்ணில் இருவரும் வெவ்வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள். ஓரெழுத்தைத் திருத்த ஓராண்டு அலைந்தவர்களை நாம் அறிவோம்.

இரண்டாவது, தத்து. நம்மவர் பிள்ளைகளை வளர்ப்பதில் பெருமனம் படைத்தவர்கள். சீனக் குடும்பங்களிலிருந்து வந்த பெண் குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய தோட்டத்துத் தாய்மார் எத்தனையோ பேர். பாராட்டுக்குரிய செயல். ஆனால் வாய்ப்பேச்சில் முடிந்த தத்து பிள்ளைக்குப் பாதுகாப்பாகாது. தத்தெடுப்பைப் பற்றிய சட்டங்கள் 1952 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டுவிட்டன. அவற்றின்படி பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, பன்னிரண்டு வயது. பெண் பிள்ளையின் மஞ்சள் நீராட்டும் ஏறத்தாழ இவ்வயதில்தான் வருகிறது. பட்டுப்பாவாடை எடுக்கக் கடைக்குச் செல்லும் தாய்மார், அதே வாரத்தில் அடையாளக் கார்டு எடுக்கவும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். பதினெட்டு வயதில் அதை மாற்றவும் மறக்கக் கூடாது.

நான்காவது, திருமணம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பற்றிய சட்டம் 1976 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் நடப்பவை பதிவு செய்யப்பட வேண்டும். சன்னிதியில் கட்டிய தாலிக்குரிய மதிப்பு நம் உள்ளத்தில் குறையவே குறையாது. ஆனால் அந்தத் தாலி ஆபீசு மேசையில் பேசாது. கணவன் வேலையிடத்தில் இறந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொக்சோ தரும் உதவிப்பணத்திற்கு மனைவி விண்ணப்பிக்கும்போது திருமணப் பத்திரம் கேட்பார்கள். அப்போது ஆயிரம் பேர் உண்ட பந்தி சாட்சிக்கு வராது. சில கோயில்களில் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்திற்கு முன்பணம் கட்டும் நாளிலேயே பதிவைப் பற்றியும் விசாரித்துவிடுங்கள்.

ஐந்தாவது, இறப்பு. துக்க வீட்டில் பத்திரத்தைப் பற்றிப் பேசுவது அழகன்று என்று நினைக்கிறோம். அடக்கம் செய்ய அனுமதித் தாள் வாங்குவதோடு நின்றுவிடுகிறோம். இறப்புப் பத்திரம் இல்லாமல் சேமநிதிப் பணமும் வீட்டு உரிமையும் தடைப்பட்டு நிற்கும். பக்கத்து வீட்டிலிருந்து சோறு கொண்டுவரும் நல்லுள்ளம் படைத்தவரே, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பி இந்த வேலையையும் முடித்துக் கொடுக்கலாம் அல்லவா? அதுவும் ஈமக்கடனில் ஒரு பகுதியே.

இவற்றைச் செய்ய ஊரிலுள்ளவர்களும் துணைநிற்க வேண்டும். கோயில் நிருவாகத்தார், திருமணத்திற்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது பதிவு ஆயிற்றா என்று கேட்கலாம். ஆசிரியர்களாகிய நாம், எந்தக் கட்டத்திலும் "பின்னர்" என்று எழுதிவிட்டு ஓராண்டுக்கு மேல் விடாமலிருக்கலாம். பத்திரமில்லாத பிள்ளை ஒன்று அடுத்த வீட்டில் இருப்பதை அறிந்தவர்கள், புறம்பேசுவதை விட்டு, அந்தத் தாயோடு ஒருநாள் தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று வரலாம். மொய் எழுதுகிறவர் யாராயினும், முதற்பக்கத்தில் என்ன விழா, யாருக்கு, எந்த நாள், எந்த இடம் என்பதை முழுமையாக எழுதி வையுங்கள். அந்தப் பழைய தலைமையாசிரியர் ஒரு கடனாளிப் பட்டியலை மட்டும் எழுதியிருக்கலாம். அவர் தேதியையும் எழுதினார். பதிவேட்டில் நாம் எழுதாமல் விட்டதை மொய்ப் புத்தகத்தில் அவர் எழுதியிருந்தார்.

வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். பாட்டன் எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்தப் பிரிவில் இருந்தார், யார் எந்த நாளில் பிறந்தார்கள் என்பவற்றைப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மாலையில் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்குக் கதை சொன்னதுபோலவும் ஆகும். பிள்ளைக்குத் தமிழ் எழுதியதுபோலவும் ஆகும்.

நேயர்களே, அந்தப் பையன் இப்போது எப்படியிருக்கிறான் என்று கேட்பீர்கள். அவன் மின்சார வேலை கற்று, ஜொகூர் பாருவில் நல்ல வேலையில் இருக்கிறான். அண்மையில் ஒருநாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழங்களுடன் எம் வீட்டிற்கு வந்தான். பாட்டியும் உடன் வந்திருந்தார். நடை தளர்ந்துவிட்டது, பேச்சுத் தளரவில்லை. பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, நாம் கேட்பதற்கு முன்பாகவே, "பதிவு போன மாசமே முடிஞ்சிருச்சு ஐயா" என்று சொல்லித் திருமணப் பத்திரத்தின் நகலை எடுத்துக் காட்டினான். பாட்டியோ ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தை எம் கையில் வைத்தார்.

"மொய் எழுத நீங்கதான் ஒக்காரணும் வாத்தியாரையா. மொதப் பக்கத்துல தேதியை மறந்திராதீங்க" என்றார்.

மறக்கவில்லை. பேனாவால்தான் எழுதினோம்.